இரவில் மார்கழி, பகலில் சித்திரை: தளி விவசாயிகள் கவனிக்க வேண்டிய எட்டு வாரங்கள்

தை மாதம் பாதி கழிந்ததும் தளிப் பக்கம் ஒரு விசித்திரம் தொடங்கிவிடும். விடியற்காலை தோட்டத்துக்குப் போகிறவர் ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுக்கொண்டு போவார். பத்து மணிக்கு இரண்டையும் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு நிழல் தேடுவார். பங்குனி முதல் வாரம் வரை, ஏறக்குறைய எட்டு வாரங்களுக்கு இதே கதைதான்.

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது நம் பழமொழி. தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் தளியில் இன்னொரு சொலவடையும் உண்டு. சிவராத்திரி வந்தால் குளிர் ‘சிவ சிவா’ என்று சொல்லிக்கொண்டே போய்விடும் என்பார்கள். ஒன்று மாசியிலும் பனி விடாது என்கிறது, மற்றொன்று மாசியோடு குளிர் கிளம்பிவிடும் என்கிறது. இரண்டும் சரிதான். முதலாவது இரவைச் சொல்கிறது, இரண்டாவது பகலைச் சொல்கிறது. பயிருக்கு வரும் தொல்லை, இந்த இரண்டும் ஒரே நாளில் வருவதால்தான்.

ஊட்டியில் உறைபனி விழுந்தால் காலையில் தேயிலையும் புல்லும் வெள்ளையாக நிற்கும், மறுநாள் கருகும். கண்ணுக்குத் தெரிவதால் விவசாயி காரணத்தைப் புரிந்துகொள்கிறார். தளியில் உறைபனி விழுவதில்லை. அதனால் இங்கே குளிர் செய்யும் சேதத்துக்குப் பழி நாற்றுப் பண்ணையின் மேலோ, மருந்துக் கடையின் மேலோ, டிரைவரின் மேலோதான் விழுகிறது. மொட்டின் ஓரம் கருத்தால் உரம் சரியில்லை என்போம். கொத்தமல்லிக் கட்டு மண்டியில் அழுகி இறங்கினால் வண்டிக்காரர் தாமதம் செய்துவிட்டார் என்போம். பல நேரங்களில் உண்மையான காரணம் அதிகாலை ஐந்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இடையில் இருக்கிறது.

ஏன் இப்படி?

தளி, கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள மேட்டுப்பகுதி. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வெள்ளைக்காரர்கள் இந்த ஊரை ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்ததாகச் சொல்வதும் இந்தக் குளுமையை வைத்துத்தான்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் தெளிந்துவிடும். மேகம் என்பது நிலத்துக்கு ஒரு போர்வை. போர்வை இல்லாத இரவில், பகலில் நிலம் வாங்கிய சூடு முழுவதும் மேலே போய்விடும். காற்றும் அடங்கியிருந்தால் தரையை ஒட்டிய காற்று வேகமாகக் குளிரும். அதே தெளிந்த வானம் பகலில் வெயிலையும் தடையின்றி விடும். ஜனவரியில் சாய்வாக விழுந்த வெயில், சூரியன் வடக்கே நகர நகர, மார்ச்சில் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே வந்துவிடும். இரவு இறங்குவது நிற்பதற்குள் பகல் ஏறிவிடுகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே பள்ளம் பார்த்து ஓடும். அதனால் ஒரே சர்வே எண்ணில் உள்ள இரண்டு வயல்களில்கூட, ஓடைப் பக்கம் தாழ்ந்திருக்கும் வயல் மேட்டு வயலைவிடக் குளிர்ந்திருக்கும். பனிமூட்டமும் அங்கேதான் முதலில் கட்டும், கடைசியில் விலகும். பசுமைக்குடில் போட இடம் தேடுகிறவர்கள் தண்ணீரையும் மின் இணைப்பையும் பார்க்கிறார்கள், இதைப் பார்ப்பதில்லை.

குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைக் குறித்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, பயிரின் உயரத்தில், நேர் வெயில் படாமல் தொங்கவிடுங்கள். தினமும் இரண்டு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். நள்ளிரவில்தான் அதிகக் குளிர் என்று நினைக்க வேண்டாம். சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வெப்பம் மிகக் கீழே இருக்கும். ஒசூர் அளவோ பெங்களூரு அளவோ உங்கள் ஓடைக்கரை வயலுக்குப் பொருந்தாது.

ரோஜாவின் கணக்கு

தளிக்கும் ஒசூருக்கும் இந்த எட்டு வாரங்களில் பெரிய பணம் பிப்ரவரி 14ஐ ஒட்டி வருகிறது. வெளிநாட்டுக்குப் போகும் பூ ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பத்து நாட்களுக்குள் வெட்டப்பட்டாக வேண்டும். உள்நாட்டுச் சந்தைக்கு இன்னும் சில நாள் கிடைக்கும். அதற்கேற்ப டிசம்பரில் கவாத்து செய்கிறோம். கவாத்திலிருந்து பூ வரை 45 முதல் 55 நாள் என்று வைத்துக்கொண்டால், இரவுக் குளிர் மிகுந்த ஆண்டில் அது தள்ளிப்போகும். 15ஆம் தேதி மலர்ந்த பூவுக்கு 10ஆம் தேதி விலை கிடைக்காது. ஒரே நாளில் முழுப் பண்ணையையும் கவாத்து செய்வதைவிட, நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று பகுதியாகச் செய்தால் குளிர் எப்படி வந்தாலும் ஒரு பகுதியாவது கையில் நிற்கும்.

ரோஜாவுக்குப் பிடித்தது இரவில் 15 முதல் 18 டிகிரி, பகலில் 24 முதல் 28 டிகிரி. இரவு மிகவும் இறங்கினால் சிவப்பு ரகங்களில் வெளி இதழின் ஓரம் கருத்துவிடும். ‘தாஜ்மகால்’ போட்டவர்களுக்கு இது தெரியும். இது நோய் அல்ல, மருந்து அடித்துப் பயனில்லை. சில கிளைகள் மொட்டே வைக்காமல் குருட்டுக் கிளையாக நின்றுவிடும்.

நோய்களில் இரண்டைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். இலை ஈரமாகவே பல மணி நேரம் இருந்து, குளிரும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வரும். இலையில் ஊதாவும் பழுப்பும் கலந்த கோணல் புள்ளிகள் தோன்றி, இலைகள் திடீரென்று கொட்டிவிடும். பகல் உலர்ந்து இரவு மட்டும் ஈரப்பதம் மிகுந்தால் வெள்ளை மாவு பூசியதுபோல் சாம்பல் நோய் வரும். தை மாதத்தில் முன்னதும், மாசி பாதிக்கு மேல் பின்னதும் அதிகம். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் என்பது பலரும் அறிந்த அளவு. ஆனால் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் கந்தகம் இலையைக் கருக்கும். ஜனவரியில் ஒன்றும் செய்யாத அதே மருந்து மார்ச்சில் சேதம் செய்வது இதனால்தான். அடிப்பதானால் வெயில் ஏறும் முன் அடியுங்கள்.

பசுமைக்குடிலின் பக்கத் திரையை மாலை வெயில் இறங்கும்போதே விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் சூடு இரவுக்கு உதவும். காலையில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வெயில் ஏறி, குடிலின் கூரையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கிய பிறகு திரையைத் தூக்குவதில் பயனில்லை. சூரியன் எழுந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஈரக்காற்றை வெளியே விட வேண்டும். சொட்டுநீரைக் காலையில் விடுங்கள். மாலையில் விட்ட தண்ணீர் இரவு முழுவதும் குடிலுக்குள் ஈரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிப்ரவரி வெட்டு முடிந்து அடுத்த தளிர் பூக்கும்போது மார்ச் ஆகிவிடும். அப்போது மொட்டு சிறுத்து, தண்டு குட்டையாகி, பூ சீக்கிரம் மலரும். செம்பேனும் இலைப்பேனும் பெருகும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மேலே மட்டும் மருந்து அடித்தால் செம்பேன் சாகாது. நிழல்வலையை எப்போது இழுப்பது என்பதற்கும் தேதி பார்க்காதீர்கள், நோட்டில் எழுதிய அதிகபட்ச வெப்பத்தைப் பாருங்கள்.

இந்தியா–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் தோட்டக்கலைத் துறையின் கொய்மலர் மகத்துவ மையம் தளியிலேயே இருக்கிறது. குடிலின் திரை, காற்றோட்டம் இவற்றை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு நாள் ஒதுக்கலாம்.

பனி காயட்டும்

காய்கறிக்காரர்களுக்கு ஒரே சொல்: உருளையிலும் தக்காளியிலும் பின்பருவ இலைக்கருகல் நோய் குளிர்ந்த, ஈரமான இரவுகளில்தான் பரவும். மூன்று நாள் தொடர்ந்து பனிமூட்டம் இருந்தால் நோய் வரும்வரை காத்திருக்காமல் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளிப்பது நல்லது. அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதை டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸில் பகல் சூடு ஏற ஏற வைரமுதுகு அந்துப்பூச்சி கூடும். மா பற்றி இங்கே எழுதவில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் பூ எடுத்து நிற்கும் மாவுக்கும் பனிக்கும் உள்ள பகை தனிக் கட்டுரைக்குரியது.

பறிப்பு நேரம்தான் இங்கே முக்கியம். குடிலுக்குள் வெட்டும் ரோஜாவை வெயிலுக்கு முன் வெட்ட வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் திறந்தவெளிப் பயிர்களுக்கு அந்த விதி பொருந்தாது. கொத்தமல்லி, புதினா, சாமந்தி ஆகியவற்றைப் பனியோடு பறித்துக் கட்டினால் கட்டுக்குள் ஈரம் சிக்கிக்கொள்ளும். வண்டியில் அடுக்கும்போது சூடு ஏறும். ஈரமும் சூடும் சேர்ந்தால் ஆறு மணி நேரத்தில்கூட நடுக்கட்டு கறுத்துவிடும். பனி காய்ந்தபின், வெயில் உறைக்கும் முன், அதாவது எட்டரை மணி முதல் பத்தரை மணி வரை கிடைக்கும் இடைவெளியைப் பயன்படுத்துங்கள். அல்லது முந்தைய நாள் மாலையில் பறித்து, நிழலில் பரப்பி, இரவுக் குளிரிலேயே ஆறவிட்டு விடியற்காலை ஏற்றுங்கள். இரவில் இலவசமாகக் கிடைக்கும் இந்தக் குளிர், குளிர்பதன அறை இல்லாதவருக்குப் பெரிய உதவி.

பறித்த காயும் பூவும் மூச்சு விடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். நண்பகல் வெயிலில் பறித்த பீன்ஸ் மாலைக்குள் வாடுவது அதனால்தான்.

குளிர்பதன அறை உள்ள ரோஜா விவசாயிக்கு வேறொரு ஆபத்து. இரண்டு முதல் நான்கு டிகிரியில் இருந்த பூவைப் பகல் ஒரு மணிக்கு வெளியே எடுத்துச் சாதாரண டெம்போவில் ஏற்றினால் இதழ் முழுவதும் வியர்த்துவிடும். குளிர்ந்த தம்ளரின் வெளிப்புறம் நீர் கோப்பது போலத்தான். அந்த நீர்த்துளியில் சாம்பல்நிறப் பூஞ்சை பிடித்து, பெட்டியைத் திறக்கும்போது இதழில் புள்ளி தெரியும். 20 பூ கொண்ட 500 கட்டு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று கழிந்தாலும் 50 கட்டு, அதாவது 1,000 பூ குப்பைக்குப் போகும். குளிரூட்டிய வண்டி இல்லையென்றால், ஏற்றுவதை வெளியே குளிர்ந்திருக்கும் நேரத்துக்கு, இரவுக்கோ விடியலுக்கோ மாற்றிக்கொள்வதுதான் வழி.

சாலைக்கும் பருவம் உண்டு

மங்கோலியா போன்ற குளிர்ந்த புல்வெளி நாடுகளில் மேய்ப்பர்கள் நடுக் குளிர்காலத்தைவிட வசந்தத்தின் தொடக்கத்துக்கு அதிகம் அஞ்சுவார்கள். குளிர்காலம் முழுவதும் மெலிந்த ஆடுகள் குட்டி போடும் நேரம் அது. இன்று வெயில் அடிக்கும், நாளை பனிப்புயல் வீசும். உறைந்து கல்லாய்க் கிடந்த மண் பாதை உருகி, வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கும். ரஷ்யாவில் இந்தச் சேற்றுக் காலத்துக்கு ‘ரஸ்புத்தித்சா’ என்று தனிப் பெயரே உண்டு. கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பனி உருகும் வாரங்களில் பல சாலைகளில் லாரிகள் ஏற்றும் எடையைக் குறைத்துவிடுவார்கள். வானிலை மாறும் வாரங்களில் பயணத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டமாகவே இருக்கிறது.

நமக்கு உறைபனியும் இல்லை, சேறும் இல்லை. ஆனால் தளியிலிருந்து ஒசூர் வரையிலான ஏறக்குறைய 25 கிலோமீட்டரும், ஒசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் பெங்களூரு வரையிலான 40 கிலோமீட்டரும் இந்த வாரங்களில் வழக்கமான நேரத்தில் முடிவதில்லை. பூ வண்டி கிளம்புவதும், பனிமூட்டம் மிக அடர்ந்திருப்பதும் ஒரே நேரம். பெங்களூரு சிட்டி மார்க்கெட்டில் பூ வியாபாரம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நகருக்குள் காலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஹெப்பால் மலர் ஏல மையமோ, தேவனஹள்ளி விமான நிலையமோ என்றால் நகரைத் தாண்டி வடக்கே போக வேண்டும். தளியில் இழக்கும் அரை மணி நேரம், நெரிசலில் மாட்டினால் பெங்களூருவில் இரண்டு மணி நேரமாகிவிடும். அதனால்தான் டிரைவர்கள் மூட்டத்திலும் வேகமாக ஓட்டுகிறார்கள். அவரைத் திட்டிப் பயனில்லை. கிளம்பும் நேரத்தை நாம்தான் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்குக் கட்டுக் கட்டும் வேலை இரவிலேயே முடிந்திருக்க வேண்டும்.

மூட்டத்தில் ஹை பீம் போடக்கூடாது. வெளிச்சம் பனித்துளியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசவைக்கும். லோ பீம் போட்டு, சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். நிறுத்த வேண்டுமானால் தார்ச் சாலையைவிட்டு முழுவதுமாக இறங்கி நிறுத்த வேண்டும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்களுக்குப் பின்விளக்கு இருப்பது அபூர்வம். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்ட ஆகும் செலவு ஒரு மூட்டை தீவனத்தைவிடக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. ராகிக் கதிரையும் கொள்ளையும் தார்ச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகளை மிதிக்கவிடும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. களம் இல்லாததால் செய்கிறோம், புரிகிறது. ஆனால் இரவில் பனி விழுந்த தாளின் மேல் டூ வீலர் சக்கரம் ஏறினால் எண்ணெய் மேல் ஏறியது போல வழுக்கும். மாலையில் வாரிக் குவித்து ஓரம் கட்டிவிட்டால் ஒரு உயிர் தப்பும். குவியலைச் சுற்றிக் கல் வைப்பவர்கள் காலையில் அந்தக் கல்லை எடுக்கவும் மறக்கக் கூடாது.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை காட்டோரச் சாலைகளில் யானைகளையும் கணக்கில் வைக்க வேண்டும். கர்நாடகத்தின் பன்னர்கட்டா காட்டிலிருந்து ராகி விளையும் காலத்தில் வரும் கூட்டங்கள் இந்த மாதங்களிலும் இப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். விடியலிலும் அந்தியிலும்தான் அவை சாலையைக் கடக்கும். மூட்டத்தில் சாம்பல் நிற யானை பத்து மீட்டர் நெருங்கும் வரை தெரியாது. வனத்துறை எச்சரித்த நாளில் காட்டோரப் பாதையில் தனியாகப் போகாதீர்கள், முடிந்தால் ஒரு மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஹாரன் அடிக்காமல், விளக்கை அதன் கண்ணில் அடிக்காமல், தூரத்திலேயே நின்று வழிவிடுங்கள். செல்போனில் படம் எடுக்க இறங்குகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வேளாண் வானிலை அறிக்கை வாரத்தில் செவ்வாய், வெள்ளி என இரண்டு நாள் வெளியாகிறது. ‘மேக்தூத்’ செயலியில் தமிழிலேயே படிக்கலாம். அதில் மழை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். குறைந்தபட்ச வெப்பம், காலை ஈரப்பதம், மேக அளவு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மேகம் குறைவு, ஈரப்பதம் அதிகம், காற்று இல்லை என்றால் மறுநாள் விடியலில் பனிமூட்டம் எதிர்பார்க்கலாம். அன்று மாலையே டிரைவரிடம் பேசி வண்டியை முன்னதாகக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

பங்குனியில் பனி விலகியதும் யுகாதிச் சந்தை வரும். பெங்களூருவிலும் ஒசூரிலும் சாமந்திக்கு அந்த இரண்டு மூன்று நாளில் தேவை ஏறும். அப்போது பறிப்புக் கணக்கு தலைகீழாகிவிடும். காயவிடப் பனியே இருக்காது, எட்டரை மணிக்குப் பறித்தால் பூ வாடிவிடும். அதிகாலையிலேயே பறிப்பை முடித்து, வண்டியில் தார்ப்பாயை இறுக்கிக் கட்டாமல் பக்கவாட்டில் காற்றுப் போக விட்டு அனுப்புங்கள். அதே நாட்களில்தான் மாலையில் திடீரென்று இடி, சூறைக்காற்று, ஆலங்கட்டி மழை என வரத் தொடங்கும். குடிலின் பாலித்தீன் தாளில் கிழிசல் இருந்தால் காற்று அதைத்தான் முதலில் பிடிக்கும். மாசி முடிவதற்குள் ஒட்டி, கம்பிகளையும் ஸ்பிரிங்குகளையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.